கிட்டார் பையில் ஒரு பொட்டணம் கல்லுப்பு

என் முதல் கச்சேரி தாராபுரம் பக்கத்து ஊர் ஒன்றில், மாரியம்மன் நோம்பிக்கு. கம்பம் சுற்றி ஆடி முடித்து, சனமெல்லாம் சாப்பிட்டுவிட்டுப் பாயோடு மேடைக்கு முன்னால் வந்து உட்கார்ந்த நேரம். என் தோளில் தொங்கியது நண்பனிடம் இரவல் வாங்கிய ஐந்து கம்பி பேஸ் கிட்டார், பாட்டுக்கு அடிச்சுரம் போடுகிறது. உள்ளே பேட்டரி போட்ட ஆக்டிவ் ரகம். மதியம் இரண்டு மணிக்கே போய்க் கேபிளைச் செருகி, நாலு பேர் கண்ணில் படட்டும் என்று ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுப் பந்திக்குப் போயிருந்தேன்.

மூன்றாவது பாட்டில் சத்தம் கரகரத்தது. அப்புறம் இளைத்தது. அப்புறம் இல்லவே இல்லை. இடைவேளை வரை நான் விரலை ஆட்டிக்கொண்டு சும்மா நின்றேன். கூட்டத்தில் ஒருத்தர்கூடக் கவனிக்கவில்லை. செத்துப்போனதைவிட அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. சவுண்ட் சர்வீஸ் அண்ணன் மட்டும் மேடையோரம் வந்து, "ஏனுங் தம்பி, உங்க லைன்ல ஒரு பல்லிகூட கத்த மாட்டேங்குதே?" என்றார்.

ஆக்டிவ் கிட்டாரில் தனியாக சுவிட்ச் கிடையாது. கேபிளைச் செருகினால் அதுதான் சுவிட்ச். உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி அந்த நிமிஷத்திலிருந்து தேய ஆரம்பித்துவிடும், வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும். நண்பன் வீட்டில் எத்தனை நாள் செருகியே கிடந்ததோ, அதோடு என் ஏழு மணி நேரமும் சேர்ந்துகொண்டது. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானும் கேட்கவில்லை.

அது நடந்து பதினோரு வருஷம் ஆகிறது. பகலில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை, முகூர்த்த நாளிலும் நோம்பி நாளிலும் பேஸ். இப்போது புதுப் பையன்கள் என்னிடம் கேட்கிறார்கள்: "அண்ணா, எந்த கிட்டார் வாங்கலாம், எந்த ஆம்ப் வாங்கலாம்?" நான் எதிர்க்கேள்வி போடுவேன். நீ வாசிப்பதைக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி எதன் வழியாகக் கேட்கிறாள்? சவுண்ட் சர்வீஸ்காரரின் பாக்ஸ் வழியாக. உன் ஆம்ப், கிட்டார் சத்தத்தைப் பெருக்குகிற அந்தப் பெட்டி, அவள் காதுக்குப் போவதே இல்லை. அப்படியென்றால் காசை உன் விரலுக்கும் அவருடைய மிக்சருக்கும் நடுவில் போடு. ஆம்ப் கடைசி. இதைச் சொன்னால் பையன்களின் முகம் சுண்டிவிடுகிறது. ஆம்ப்தானே படம் எடுத்துப் போட அழகாக இருக்கும்.

கிட்டாரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 1951ல் லியோ ஃபெண்டர் பிரெசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது கம்பியின் நீளம் 34 அங்குலம். இன்றைக்கும் கடையில் தொங்கும் பெரும்பாலான பேஸ்களுக்கு அதே அளவுதான். 1957ல் அதன் பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் காந்தச் சுருள்) இரண்டு துண்டாகப் பிரித்து, இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்படி செய்தார்கள். 1960ல் ஜாஸ் பேஸ் வந்தது. அதில் இரண்டு பிக்கப். சத்தம் இன்னும் தெளிவு, ஆனால் ஒரு பிக்கப்பை மட்டும் திறந்தால் சீரியல் லைட் பக்கத்தில் நின்றவுடன் இரைய ஆரம்பிக்கும். நோம்பி மேடை என்றால் நாலு பக்கமும் சீரியல் லைட்தான். அதனால் என் வாக்கு முன்னால் பிரெசிஷன் பிக்கப், பின்னால் ஜாஸ் பிக்கப் வைத்த, பேட்டரி இல்லாத பாசிவ் கிட்டாருக்கு. நான் இன்னமும் வைத்திருக்கும் யமஹா டிஆர்பிஎக்ஸ் 174 அந்த வகைதான். விலை குறைந்தது என்று யாரும் மேடையில் வந்து எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

நாலு கம்பியா ஐந்து கம்பியா என்பது இன்னொரு சண்டை. நம் ஊர் ஆர்க்கெஸ்ட்ராவில் இதை முடிவு செய்வது பாடகர்தான். பாட்டு ஒரு சுருதியில் இருக்கும், பாடுகிறவருக்கு அன்றைக்குத் தொண்டை கட்டியிருக்கும், "அரைக் கட்டை எறக்கிக்கலாங்ளா?" என்பார். கீபோர்டுக்காரருக்கு டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறது. அமுக்கிவிட்டு வெற்றிலை போடப் போய்விடுவார். எனக்கு எந்தப் பட்டனும் இல்லை. மேளகர்த்தா படித்தவன் போல மண்டைக்குள் எல்லாவற்றையும் நகர்த்த வேண்டும். ஈ (E) சுரத்தில் திறந்த கம்பியாக விட்டு வாசித்த பாட்டு அரைக் கட்டை கீழே ஈ-ஃபிளாட்டுக்கு இறங்கினால் நாலு கம்பியில் அவ்வளவு ஆழத்தில் அந்த சுரமே கிடையாது. ஐந்தாவது கம்பி அதற்குத்தான் வேண்டும். அந்தத் தடித்த பி கம்பியைத் திறந்து மீட்டினால் கிட்டத்தட்ட 31 ஹெர்ட்ஸ். ஊர்த் திருவிழாவுக்கு வருகிற பாக்ஸ்களில் பெரும்பாலானவை அந்த ஆழத்துக்கு இறங்கவே இறங்காது. ஆனால் அதே கம்பியில் நாலாவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுதான் ஃப்ரெட்) ஈ-ஃபிளாட், ஐந்தாவதில் ஈ. திறந்த கம்பியை நம்பாமல் கையை அப்படியே நகர்த்தி எந்த சுருதிக்கும் போய்விடலாம். கச்சேரிக்கு மட்டும் ஒரு ஐந்து கம்பி, அதுவும் பாசிவ், பின்னாளில் வாங்கினேன். பழகவே ஆறு மாதம் ஆனது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சினிமாப் பாட்டு வாசிக்கிறவனுக்கு 'அடியில் தம் தம் என்றிருந்தால் போதும்' என்ற பேச்சு ஆகாது. இளையராஜாவின் பாட்டுகளில் பேஸ் தனியாக இன்னொரு பாட்டுப் பாடிக்கொண்டு போகும். அவரிடம் வாசித்த சசிதரன், ரஹ்மானிடம் வாசித்த கீத் பீட்டர்ஸ் இருவரையும் ஹெட்போனில் கேட்டால் தெரியும், மேல் ஃப்ரெட்டுகளில் எவ்வளவு ஓட்டம் என்று. அதனால் கிட்டார் வாங்கும்போது பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே வாசித்துப் பாருங்கள். அங்கே மொண்ணையாக இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம்.

அடுத்தது செட்டப். காசே ஆகாத, ஆனால் எல்லோரும் தள்ளிப்போடுகிற வேலை இதுதான்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்று கோயம்புத்தூர், பல்லடம், உடுமலைப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். மாசி, பங்குனியில் அதே ஊரில் உதடு வெடிக்கும். காற்றில் ஈரம் ஏறி இறங்கும்போது மரமும் கூடவே ஏறி இறங்கும். கிட்டாரின் கழுத்து மரம்தானே. ஒரு பருவத்தில் வெண்ணெயாக வழுக்கிய கிட்டார் அடுத்த பருவத்தில் டர்ர்ர் என்று ஃப்ரெட்டில் உரசும். உடனே பையன்கள் கம்பியை அடியில் தாங்குகிற பாலத்தை (பிரிட்ஜ்) தூக்குவார்கள். அது தப்பு. முதலில் கழுத்து.

தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடியுங்கள். நடுவில், ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கத்தில், கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு இடம் இருக்க வேண்டும். சுமார் 0.3 மில்லிமீட்டர். கார்டு தொளதொளவென்று போனால் கழுத்து முன்னால் வளைந்திருக்கிறது, கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியான டிரஸ் ராடை வலப்பக்கம் திருகி இறுக்க வேண்டும். நுழையவே இல்லையென்றால் இடப்பக்கம். எதுவானாலும் கால் சுற்றுதான், அதற்கு மேல் ஒரே மூச்சில் வேண்டாம். திருகிவிட்டு, மறுபடி சுருதி சேர்த்துவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். மரம் சாவகாசமாகத்தான் பேச்சைக் கேட்கும்.

கழுத்து சரியான பிறகுதான் கம்பியின் உயரம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் மெல்லிய கம்பிக்கு 2 மில்லிமீட்டர், தடித்ததற்கு 2.5 என்று புத்தகக் கணக்கு. நான் அதைவிடக் கொஞ்சம் தூக்கியே வைப்பேன். வீட்டில் மெத்தையில் உட்கார்ந்து வாசிக்கிற கை வேறு, பறையும் ஜமாப்பும் அடித்து ஓய்ந்த களத்தில் கூட்டம் விசில் அடிக்கும்போது வாசிக்கிற கை வேறு. மேடையில் எல்லோருமே ஓங்கித்தான் அடிப்போம். வீட்டுக்கு ஏற்ற உயரம் அங்கே தாங்காது. கடைசியாகச் சுருதிப் பிசகு: பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பியை அழுத்தாமல் மேலாகத் தொட்டு (ஹார்மோனிக்ஸ்) ஒரு முறை, அதே இடத்தில் அழுத்தி ஒரு முறை, டியூனரில் பாருங்கள். அழுத்தியது ஏறியிருந்தால் பாலத்தில் கம்பி உட்காருகிற சேடிலைப் பின்னால் நகர்த்த வேண்டும், இறங்கியிருந்தால் முன்னால். இந்த வரிசை மாறக் கூடாது. ஒன்றைத் தொட்டால் அடுத்தது நகரும்.

சேடில் திருகு ஒருமுறை வியர்வையில் துருப்பிடித்து மழுங்கிவிட்டது. கோவையில் ஒரு நட்டு போல்ட்டுக் கடையில் காட்டினேன். கையில் வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, "இது எந்த மோட்டாருக்குங்?" என்றார் கடைக்காரர். மோட்டாருக்கு இல்லீங், கிட்டாருக்கு என்றேன். "ரெண்டுக்கும் ஒரே திருகுதானுங்" என்று பத்து எடுத்துக் கொடுத்தார். அவற்றில் ஆறு இன்னும் மிச்சம் இருக்கின்றன.

கம்பி விலை ஏறிக்கொண்டே போகிறது. பழைய கம்பியைக் கழற்றி வெந்நீரில் கொதிக்க வைத்தால் இடுக்கில் இருக்கிற அழுக்கும் எண்ணெயும் கழன்று, கொஞ்ச நாளைக்குப் புதுசு போல ஒலிக்கும். உண்மைதான், நானே செய்திருக்கிறேன். ஆனால் அம்மாவின் பருப்புப் போசியில் செய்யாதீர்கள். அந்தப் போசி இன்றைக்கும் எங்கள் வீட்டில் 'கம்பிப் போசி' என்றுதான் ஒதுங்கிக் கிடக்கிறது.

ஆம்ப் கதைக்கு வருகிறேன். என் முதல் ஆம்ப் பழைய சாமானாக வாங்கிய 15 அங்குல ஸ்பீக்கர் காம்போ. தூக்கினால் இடுப்பு பேசும். அதை டிவிஎஸ் எக்ஸெல்லில் முன்னால் வைத்துக் கயிறு போட்டுக் கட்டி, காங்கேயம் ரோட்டில் ஓட்டிக்கொண்டு போனால், எதிரே வருகிறவர்கள் ஏதோ கிரைண்டர் டெலிவரி என்று நினைத்து வழிவிடுவார்கள். அந்தக் கஷ்டமெல்லாம் எதற்கு என்றால், வாட்ஸ் அதிகம் என்ற பெருமைக்கு. 100 வாட்ஸை 200 ஆக்கினால் 3 டெசிபல்தான் ஏறும். கேட்கிறவனுக்குக் கொஞ்சம் கூடியது போலத் தெரியும், அவ்வளவே. சத்தம் இரட்டித்தது போலத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். ஸ்பீக்கர் எவ்வளவு திறமையாக மின்சாரத்தைச் சத்தமாக மாற்றுகிறது என்பதுதான் பெரிய விஷயம், அதைக் கடையில் யாரும் கேட்பதில்லை.

1969ல் வந்த ஆம்பெக் எஸ்விடி 300 வாட்ஸ் வால்வு ஆம்ப். ஸ்பீக்கர் சேராத தலைப்பெட்டி மட்டுமே 35 கிலோவுக்கு மேல். கோயில் தேரைப் போல, பார்க்கக் கும்பிடத் தோன்றும், வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. இப்போது கிளாஸ் டி வகையில் 500 வாட்ஸ் தலைப்பெட்டி 2 கிலோ சுமாருக்கே வந்துவிட்டது, கிட்டார் பையிலேயே அடங்கும். அதோடு ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டி. எனக்கு மட்டும் கேட்டால் போதும், அதற்கு மேல் சவுண்ட் சர்வீஸ் பாடு. இரண்டு பெட்டி மாட்டுகிறவர்கள் ஓம் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்: 8 ஓம் இரண்டு சேர்ந்தால் 4. ஆம்ப் பின்னால் எழுதியிருப்பதற்குக் கீழே இறங்கினால் புகை வரும். ஸ்பீக்கருக்குக் கிட்டார் கேபிளைச் செருகுவதும் அதே பாதைதான்.

அந்தச் சின்னப் பெட்டியைத் தரையில் வைத்தால் சத்தம் முழங்காலுக்குப் போகும், காதுக்கு வராது. நாம் சத்தத்தை ஏற்றுவோம், பலகை மேடை முழுக்கக் குடம் போல முழங்கும். உயரே தூக்கி வையுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், அது ஆடி நகர்ந்து விழுந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். சந்தைக்குத் தக்காளி வருகிற பிளாஸ்டிக் கிரேட் இரண்டைக் கவிழ்த்து, மேலே மடித்த பவானி ஜமுக்காளம். வழுக்காது, பலகைக்கும் அதிர்வு குறையும், கச்சேரி முடிந்து வேனில் படுத்துத் தூங்கவும் ஆகும்.

சத்தம் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் விசைத்தறி ஓடியது. அப்பாவிடம் பேச இன்றைக்கும் கத்தித்தான் பேச வேண்டும். ஆகவே மேடையில் காதுக்கு பிளக் வைத்துக்கொள்கிறேன், யார் சிரித்தாலும் சரி.

இப்போது உப்புக்கு வருகிறேன். வெள்ளக்கோவில் பக்கம் ஒரு நோம்பி, ஜெனரேட்டரில் கரண்ட். கிட்டாரைச் செருகினதும் ம்ம்ம்ம் என்று ஒரு இரைச்சல். நம் நாட்டில் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பேஸின் ஈ கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டில் இருக்கிற ஜி 49 ஹெர்ட்ஸ். கவனித்தீர்களா? இரைச்சல் நம் ஜி-க்குக் கொஞ்சம் மேலே, சுருதி தப்பின ஜி-யாக, கச்சேரி முழுக்கக் கூடவே பாடிக்கொண்டிருக்கும். கிட்டார்காரனுக்கு அது வெறும் தொந்தரவு. பேஸ்காரனுக்கு அது பக்கத்து வீட்டுக்காரன். சரி என்று கோரஸ் பாட மைக்கிடம் வாயைக் கொண்டுபோனேன். உதட்டில் பளீரென்று ஒரு அடி. கண்ணில் மின்மினி பறந்தது.

நடந்தது இதுதான். கிட்டார் கம்பி என் ஆம்பின் எர்த்தோடு சேர்ந்தது. மைக்கின் வலை மிக்சரின் எர்த்தோடு சேர்ந்தது. இரண்டும் வெவ்வேறு இடத்தில் கரண்ட் எடுத்து, ஒன்றில் எர்த்தே இல்லாவிட்டால், இரண்டுக்கும் நடுவில் பாலமாக நிற்பது நம் உடம்பு. அன்றைக்கு ஜெனரேட்டருக்கு எர்த் என்று ஒரு கம்பியைக் காய்ந்த மண்ணில் சும்மா சொருகி வைத்திருந்தார்கள். அன்றைய சவுண்ட் சர்வீஸ்காரர் பழைய பல்லி அண்ணன் இல்லை, இவர் வேறு, வயசானவர். டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம், "தம்பி, சமையக்கட்டுல போயி ரெண்டு கை கல்லுப்பும் ஒரு கொடம் தண்ணியும் வாங்கியாங்" என்றார். ராடை இன்னும் ஆழமாக அடித்து இறக்கி, சுற்றிக் குழி பறித்து, உப்பைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். உப்புத் தண்ணீர் மண்ணில் கரண்ட் போக வழிவிடும். அப்புறம் என் ஆம்பின் பிளக்கையும் அவர் மிக்சர் எடுக்கிற போர்டுக்கே மாற்றினார். மறுபடி டெஸ்டர். விளக்கு எரியவில்லை.

பாதி இரைச்சல் அப்போதே போனது. மீதிப் பாதியை அவர் என்னிடம் கொடுத்த சின்ன இரும்புப் பெட்டி தின்றுவிட்டது. டிஐ பாக்ஸ். கிட்டாரிலிருந்து வருகிற சிக்னல் நோஞ்சான், இருபதடி கேபிளைத் தாண்டினாலே மேல் சுரங்கள் மங்கும், வழியில் இருக்கிற இரைச்சலையெல்லாம் சேர்த்துக்கொள்ளும். டிஐ அதை வாங்கி, இரண்டு கம்பிகளில் நேரெதிராக அனுப்பும். வழியில் சேருகிற இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். மிக்சர் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது இரைச்சல் மட்டும் அடிபட்டுப் போகும். அதில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சுவிட்ச், எர்த் இரண்டு வழியாகச் சேர்ந்து வருகிற லூப் இரைச்சல் வந்தால் அதைத் தட்டலாம். அது சிக்னல் வயரின் எர்த் இணைப்பை மட்டும்தான் பிரிக்கும். பிளக்கின் எர்த் பின்னை உடைத்தும் இரைச்சலை நிறுத்தலாம். அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், அந்தப் பின்தான் நம்மை உயிரோடு வீட்டுக்கு அனுப்புகிறது. பாசிவ் கிட்டார் வைத்திருப்பவர்கள் ஆக்டிவ் டிஐ வாங்குங்கள். மிக்சரிலிருந்து வருகிற 48 வோல்ட்டிலேயே ஓடும். சில ஆயிரம் ரூபாய்தான், பத்து வருஷம் உழைக்கும். நான் மறு வாரமே வாங்கிவிட்டேன். அதன் கூடவே மிதி டியூனர் ஒன்று. அதை மிதித்தால் சத்தம் அணைந்துவிடும், அறிவிப்பாளர் ஊர்ப் பெரியவர்களை வரவேற்கும்போது நான் சுருதி சேர்ப்பது யாருக்கும் கேட்காது.

கல்யாண மண்டபம் வேறு தலைவலி. கிரானைட் தரை, நாலு பக்கமும் மொட்டைச் சுவர். ஈ கம்பியின் 41 ஹெர்ட்ஸ் அலை ஒன்று 27 அடி நீளம். மண்டபத்துக்குள் சுவரில் மோதித் திரும்பி, ஓரிடத்தில் குவிந்து ஒலிக்கும், நாலடி தள்ளினால் காணாமல் போகும். மூலையில் ஆம்பை வைத்தால் இன்னும் வீங்கும். நான் சவுண்ட் செக்கின்போது நீளக் கேபிளோடு கீழே இறங்கி, பந்தி வாசல் வரை வாசித்துக்கொண்டே நடப்பேன். எல்லா மண்டபத்திலும் ஒரு சுரம் மட்டும் தனியாகக் கத்தும். அதை மட்டும் ஈக்யூவில் (சுர உயரம் வாரியாகச் சத்தத்தை ஏற்றி இறக்கும் திருகுகள்) குறைத்து, 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே மொத்தமாக வெட்டிவிட்டால் பாக்ஸ் மூச்சுவிடும். பேஸைக் குறைத்தால் பேஸ் நன்றாகக் கேட்கும் என்பதைப் புதுப் பையன்கள் நம்பவே மாட்டேன் என்கிறார்கள். அடிச்சுரத்தின் மேலே வருகிற துணைச் சுரங்களை வைத்துக் காது மீதியை நிரப்பிக்கொள்ளும். கூம்பு ஸ்பீக்கரில்கூட நமக்கு பேஸ் லைன் புரிவது அதனால்தான்.

போன வைகாசியில் பெருந்துறைப் பக்கம் ஒரு கண்ணாலம். கிளம்புகிற அவசரத்தில் அடுப்படிக்குப் போய் உப்பு டப்பாவைத் திறந்து, ஒரு காகிதத்தில் இரண்டு கை அள்ளிப் பொட்டணம் கட்டி, டெஸ்டர் பக்கத்தில் கிட்டார் பையில் வைத்தேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏன் கண்ணு, கண்ணாலத்துல உப்புக்கூடப் போட்டுச் சமைக்க மாட்டாங்களா?"

"சோத்துக்கில்லமா, கரண்டுக்கு."

"போசியில கம்பிய வேக வெச்ச, இப்ப கரண்டுக்கு உப்புப் போடற" என்றாள். டப்பாவை வாங்கி மூடி, எனக்கு எட்டாத மேல்தட்டில் வைத்துவிட்டாள்.